பக்கம் திறக்கும்வரை ஒரு படகு

ஆலங்குடியில் எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேர் ரொம்ப நாள் வரைக்கும் நான் லாரி வைத்துப் பிழைப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். இதற்குக் காரணம் என் கணவர். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து மாடி அறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிறாளே, அப்படி என்னதான் செய்கிறாள் என்று யாரோ அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு பேங்குக்கு நேரமாகிவிட்டது. "லோடிங் வேலைங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே பக்கத்துத் தோப்புக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"காங்கயத்துக்கு ஒரு தேங்கா லோடு போகணும்ங்க. ஒங்க வண்டி எப்ப சும்மா நிக்கும்?"

"எங்ககிட்ட வண்டியெல்லாம் இல்லைங்க."

"அப்ப ஏத்துற ஆளுக மட்டுந்தானா?"

அவரை உட்காரவைத்து, போனை எடுத்துக் காட்டி விளக்கினேன். ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போது உடனே வராமல் கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் அல்லவா, அந்த இடத்தில் வட்டத்துக்குப் பதிலாக ஏதாவது அழகாக அசைகிற மாதிரி வரைந்து கொடுப்பது என் வேலைகளில் ஒன்று என்றேன். நான் வரைந்திருந்த ஒரு தேநீர்க் கோப்பையில் ஆவி எழும்புவதை அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"இந்தச் சுத்துறது வரக் கூடாதுன்னுதானங்க நான் மாசா மாசம் நெட்டுக்குப் பணம் கட்டுறேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சென்னையில் எங்கள் குழுவிலும் அதையேதான் வேறு மாதிரி சொல்வார்கள். வாசலில் காத்திருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருப்பது மாதிரிதான் லோடிங் ஸ்கிரீன். கதவு திறந்ததும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அது அழகாக இருக்கலாம், ஆனால் ஒரு நொடிகூட அதிகம் நிற்கக் கூடாது. இதை நான் வேதம் மாதிரி நம்பியிருந்தேன், என் சிநேகிதி மீன் விற்க ஆரம்பிக்கும் வரை.

அவளும் நானும் திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கும்போது நாலு வருஷம் ஹாஸ்டலில் ஒரே அறை. அவளுக்கு ஊர் மீமிசல். கட்டிக்கொடுத்தது ஜெகதாப்பட்டினத்தில். அவள் கணவருக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு. அவரே ஓட்டிக்கொண்டு போவார். கல்யாணமான புதிதில், படித்த படிப்புக்கு வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டவர்களை எல்லாம் அவள் வாயாலேயே விரட்டியிருக்கிறாள். பிறகு ஒருநாள் வாட்ஸாப்பில் மீன் படம் போட்டு அறந்தாங்கியிலும் புதுக்கோட்டையிலும் தெரிந்த வீடுகளுக்கு ஐஸ் பெட்டியில் அனுப்ப ஆரம்பித்தாள். வியாபாரம் பிடித்துக்கொண்டதும் எனக்குப் போன் வந்தது.

"எனக்கு ஒரு வெப்சைட் வேணும்டி. ஒன்னத் தவிர வேற யாரும் எனக்கு ஓசியில செஞ்சு தர மாட்டாங்க."

செய்து கொடுத்தேன். ஆனால் அவள் ஒவ்வொரு மீனையும் கையில் தூக்கிப் பிடித்து, தன் புதுப் போனில் எவ்வளவு பெரிதாக எடுக்க முடியுமோ அவ்வளவு பெரிதாகப் படம் எடுத்து ஏற்றினாள். சங்கரா, கிழங்கான், கணவாய், நண்டு எல்லாமே சுவரொட்டி அளவு. படத்தைச் சின்னதாக்கினால் பக்கம் சட்டென்று திறக்கும் என்று கெஞ்சினேன்.

"சின்னதாக்குனா மீனு கண்ணு தெரியாது. கண்ணப் பாக்காம எவ மீன் வாங்குவா?"

படங்கள் அப்படியே பெரிதாகவே இருந்தன. விளைவு, சிக்னல் கொஞ்சம் தளர்ந்தாலும் வெப்சைட் வெள்ளை வெளேரென்று நின்றுகொண்டிருந்தது. கடையை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துப் பலர் திரும்பிப் போனார்கள். அதனால்தான் ஒரு லோடிங் ஸ்கிரீன் வைக்க வேண்டி வந்தது.

முதலில் மூன்று புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் குதிக்கிற மாதிரி எளிமையாகச் செய்து அனுப்பினேன். உலகம் முழுக்க இருப்பது அதுதான்.

"என்னடி இது, கொசு முட்டையா?" என்று பதில் வந்தது.

அடுத்து ஒரு மீன். ஒரு வாரம் உட்கார்ந்து செய்தேன். வாலை ஆட்டி ஆட்டி, செவுள் விரிந்து சுருங்க, இடமிருந்து வலமாக அது நீந்திப் போகும். வாயிலிருந்து குமிழிகூட வரும். எனக்கே பெருமையாக இருந்தது. அவள் உடனே போன் செய்தாள்.

"ரொம்ப அழகா இருக்குடி."

"அப்பாடா."

"ஆனா இது உசுரோட துள்ளிக்கிட்டு போகுது. பாவமா பாக்குது வேற. இதப் பாத்துட்டு அடுத்த நிமிசம் இதையே கொழம்பு வைக்க எவளுக்கு மனசு வரும்?"

கோபத்தில் அன்றைக்கே, தலையும் வாலும் நடுவில் முள்ளுமாக ஒரு மீன் எலும்பு நடனமாடுவதை வரைந்து அனுப்பினேன். அதற்கு அவள் "போடி" என்று மட்டும் எழுதினாள். அதைத் தன் தங்கைக்கு அனுப்பி இரண்டு பேரும் சிரித்ததாகப் பிறகு தெரிந்தது.

படகு வைக்கலாம் என்றது யார் என்று எனக்கு நினைவில்லை. இரண்டு பேருமே "நான்தான் சொன்னேன்" என்று இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். படகை வரைவதென்றால் நேரில் பார்க்க வேண்டும் என்று அறந்தாங்கி போய் பஸ் மாறி ஜெகதாப்பட்டினம் போனேன். ஐஸ் பிளான்ட் பக்கத்தில் கட்டிகளை நொறுக்கும் சத்தத்துக்கு நடுவில் அவள் கணவர் படகுக்கு அருகே நின்றிருந்தார். நான் வரைபலகையை எடுத்ததும் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.

"படகத்தான் அவ வரையப் போறா, ஒங்கள இல்ல" என்றாள் சிநேகிதி.

"ஆளில்லாம படகு எப்புடிப் போகும்? பாக்குறவங்க பேய் ஓட்டுதுன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றார் அவர். என்னிடம் திரும்பி, "நீங்க வரைங்க தங்கச்சி. ஆனா கொஞ்சம் ஒசரமா வரைங்க. மீசைய மட்டும் கொறைச்சுறாதீங்க" என்றார்.

"இருந்தாத்தான கொறைக்கிறதுக்கு" என்றாள் அவள்.

அவரை அணியத்தில், படகின் முன்முனையில், நிற்கவைத்து வரைந்தேன். போனில் பார்க்கும்போது அந்த உருவம் கட்டைவிரல் நகத்தில் கால்வாசிகூட இருக்காது. இருந்தாலும் மீசை வைத்தேன். படகு இடது பக்கக் கரையிலிருந்து கிளம்பும்; அலை தூக்கிப் போடும்; பின்னால் புகை குபுக் குபுக்கென்று வரும்; இரண்டு கடற்பறவைகள் கூடவே பறக்கும்; அப்படியே வலது ஓரத்தைத் தாண்டி ஆழ்கடலுக்குள் போகும். பக்கம் திறந்துவிடும்.

நான் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை என்று இப்போதும் நினைக்கிறேன். அவள் கணவர் அதை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்து தன் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டார். அவருடைய கூட்டாளிகள் மீசையைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். வாடிக்கையாளர்கள் போன் செய்து பாராட்டினார்கள். அவள் மட்டும் "நல்லாருக்கு" என்று எழுதினாள். அவ்வளவுதான்.

என் சிநேகிதி எதையும் ஒரே வார்த்தையில் சொல்கிறவள் இல்லை. உப்புமா நன்றாக இல்லை என்பதையே ஹாஸ்டலில் அரை மணி நேரம் சொல்வாள். அடுத்தடுத்த நாட்களிலும் அவளிடமிருந்து ஒரு கிண்டல்கூட வரவில்லை. அலையின் நிறம் பிடிக்கவில்லையோ, புகை அதிகமோ என்று எனக்குள்ளேயே குழம்பிக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஆளு நல்லாருக்குன்னு சொன்னாக்கூட ஒனக்குப் பொறுக்கலையா?" என்றார் என் கணவர்.

பொறுக்கத்தான் இல்லை. அடுத்த நாள் காலையில் போன் செய்தேன். அன்றைக்குப் படகுகள் கடலுக்குப் போயிருந்தன.

"ஒனக்கு என்ன பிடிக்கலன்னு சொல்லித் தொலடி."

"பிடிக்காம என்ன. நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொல்ற."

அவளுக்குப் பின்னால் யாரோ மீன் கூடையை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அது போயிருதுல்ல" என்றாள்.

"எது?"

"படகு. ஆர்டர் பாக்க நான் ஒரு நாளைக்கு எத்தன தடவ அந்தப் பக்கத்தத் தொறக்குறேன். அவரு கரையில இருக்கப்ப ஒண்ணுமில்ல, பாத்துச் சிரிச்சுக்கிறேன். அவரு போயிருக்கிற அன்னைக்குத் தொறந்தா, தொறக்குறப்பல்லாம் அந்தப் படகு போகுது. போயிக்கிட்டேதான் இருக்கு. ஒரு தடவ கூடத் திரும்பி வரல." பிறகு தன்னைத் தானே சமாளித்துக்கொள்கிற குரலில், "கூறுகெட்டத்தனமாத்தான் இருக்கு. பொம்மைப் படகுதான். ஆனா போன தடவ எங்க தெருவுல ஒரு படக இலங்கை நேவிக்காரங்க புடிச்சுட்டாங்கன்னு சேதி வந்து, அந்த வீட்டுல சோறு தண்ணி எறங்காம கெடந்ததப் பாத்தேன். அதுலேர்ந்து இப்புடி" என்றாள்.

ஹாஸ்டலில் நாலு வருஷமும் அவள் பேசுவாள், நான் கேட்பேன்; ஆறுதல் சொல்லிப் பழக்கமே இல்லை. "சரி, வர வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

மாடிக்குப் போய்ப் படகைத் திருப்பினேன். படத்தை அப்படியே புரட்டிப் போட்டால் போதும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அது சரியாக வரவில்லை. கிளம்புகிற படகின் துள்ளல் வேறு, திரும்புகிற படகின் நடை வேறு. பாரம் ஏறியிருக்கும், கொஞ்சம் தாழ்ந்து, நிதானமாக வர வேண்டும். பறவைகள் இரண்டு போதாது. மீன் இருக்கிற படகுக்குப் பின்னால் ஒரு கூட்டமே வரும். அணியத்தில் நிற்கிறவரைக் கையில் கயிற்றோடு நிற்கவைத்தேன். கரையில் வந்து தட்டியதும் அந்தக் கயிறு பறந்து வந்து விழும். அது விழும்போது பக்கம் திறக்கும்.

அவள் பார்த்துவிட்டு அனுப்பிய குரல் செய்தி நாலு நிமிஷம் இருந்தது. மூன்றரை நிமிஷம் அதில் குறைகள்தான். கயிறு பாம்பு மாதிரி இருக்கிறது, பறவைகள் வாத்து மாதிரி இருக்கின்றன, அவருடைய தொப்பையை எதற்கு மறைத்தாய் என்றெல்லாம். கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. என் கணவர் பேங்கில் உட்கார்ந்து, அங்கிருந்த வேகமான நெட்டில் வெப்சைட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். படகின் மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது, பக்கம் திறந்துவிட்டது, படகைக் காணோம். அவர் அதை விளையாட்டாக எங்கள் இருவருக்கும் எழுதினார். சிநேகிதி உடனே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுக்கடல்ல விட்டுட்டு வந்துருச்சாம்ல ஒன் வெப்சைட்டு?"

"நெட்டு வேகமா இருந்தா அப்புடித்தான்டி. நல்லதுதான அது? மனுசங்களச் சும்மா காக்க வைக்கக் கூடாது. அதுதான் எங்க தொழில்ல மொதப் பாடம்."

"அறந்தாங்கி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நிக்கிறாங்க. ஒரு படகு கரைக்கு வார வரைக்கும் நிக்க மாட்டாங்களா? கரையேறாம கதவத் தொறக்காதடி. அவ்ளோதான்."

இரண்டு நாள் வாதாடிப் பார்த்தேன். பிறகு, எவ்வளவு வேகமான நெட்டாக இருந்தாலும் படகு கரை சேர்ந்து கயிறு விழுந்த பிறகே பக்கம் திறக்கும் என்று மாற்றி எழுதினேன். சென்னைக் குழுவில் யாராவது இதைப் பார்த்திருந்தால் என்னோடு பேசுவதையே நிறுத்தியிருப்பார்கள்.

"ஊரு ஒலகமே வேகமா தொறக்கணும்னு மண்டையப் போட்டு ஒடைச்சுக்குது. மெனக்கெட்டு மெதுவா தொறக்க வச்ச மொத ஆளு நீதான்" என்றார் என் கணவர். சாப்பிடும்போது, படுக்கப் போகும்போது, விருந்தாளி வந்தபோது என்று அதை அவர் ஒரு வாரம் சொன்னார்.

வெளியூர்க்காரர்கள் யாரும் குறை சொல்லவில்லை. ஒரே ஒருவரைத் தவிர. அவர் புதுக்கோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாரத்தில் மூன்று நாள் நெத்திலி வாங்குகிறவர். ஒருநாள் காலை சிநேகிதிக்குப் போன் செய்து கண்டிப்பான குரலில் விசாரித்திருக்கிறார்.

"என்னம்மா இது? இன்னைக்கு மட்டும் எட்டுப் படகு கரைக்கு வந்துருக்கு. நெத்திலி இல்லைன்னு போட்ருக்கீங்க?"

"எட்டுப் படகாங்க சார்?"

"நானே என் கண்ணால பாத்தேனே. ஆறரை மணியிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணு வந்து கயிறு போட்டுச்சு. திரும்பத் தொறந்தேன், இன்னொண்ணு வந்துச்சு."

நெத்திலி வந்துவிட்டதா என்று பார்க்க அவர் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறார். திறந்த ஒவ்வொரு முறையும் ஒரு படகு வந்திருக்கிறது. கரையில் ஏதோ கேமரா வைத்துக் காட்டுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அது வரைந்த படம் என்று சிநேகிதி சொல்லிப் புரியவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "எல்லாப் படகுலயும் ஒரே ஆளு நிக்கிறாரேன்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்று கடைசியில் ஒப்புக்கொண்டாராம்.

இப்படி யாரும் குழம்பக் கூடாது என்று படகுக்குக் கீழே சின்ன எழுத்தில் "பக்கம் திறக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தேன். மறுநாளே அவரிடமிருந்து போன்.

"எந்தப் பக்கம்மா தெறக்குது? நானும் நாலு பக்கமும் பாத்துட்டேன்."

அந்த வரியை "கொஞ்சம் பொறுங்க" என்று மாற்றினேன். அதன் பிறகு அவர் பொறுத்துக்கொண்டார்.

அடுத்த சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகள் எதையும் கடலுக்குள் விடமாட்டார்கள். எல்லாப் படகும் கரையில் நிற்கும்; வலையைச் சரிசெய்வார்கள், பெயின்ட் அடிப்பார்கள். கருவாடும், பாட்டிலில் அடைத்த இறால் தொக்கும் மட்டும் வைத்துக்கொண்டு அவள் கடையைத் திறந்திருந்தாள். படகு வருகிற மாதிரி காட்டுவது இப்போது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. போகவும் கூடாது, வரவும் கூடாது, சும்மா நிற்க வேண்டும் என்றாள்.

"சும்மா நின்னா அதுக்குப் பேரு அனிமேஷன் இல்லடி. போட்டோ."

"அதெல்லாம் நீ படிச்சவ, பாத்துச் செய்யி."

அவளும் அதே படிப்புத்தான் படித்திருந்தாள் என்பதை நான் சொல்லிக் காட்டவில்லை. கரையேற்றிய படகை வரைந்து வைத்தேன். எதிர்பார்த்தது போலவே போன் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்துப் பலர் போனை அணைத்துப் போட்டிருக்கிறார்கள். ஏதாவது ஒன்று அசைந்தே ஆக வேண்டும். மாடி ஜன்னலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, கீழே காயவைத்திருந்த கடலையை ஒரு காக்கா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் படகின் மேல் உட்காரவைத்தேன். அது தலையை இப்படிச் சாய்க்கும், அப்படிச் சாய்க்கும். ஒரு முறை இரண்டடி தத்தும். பிறகு பார்க்கிறவரையே முறைக்கும். அவ்வளவுதான்.

வியாபாரமே இல்லாத அந்த நாட்களில் காக்காவைப் பார்ப்பதற்காகவே வெப்சைட்டைத் திறந்தவர்கள் இருந்தார்கள். அறந்தாங்கியில் ஒரு அம்மா, பிள்ளைக்கு அதைக் காட்டித்தான் சோறு ஊட்டுவதாகச் சொன்னாராம். முறைக்கிற இடம் வந்ததும் பிள்ளை வாயைத் திறக்குமாம். அந்த நேரம் பார்த்து உருண்டையை உள்ளே தள்ளிவிடுவாராம்.

தடை முடிந்து முதல் படகுகள் கிளம்பிய அன்று பழைய படத்தைத் திரும்ப வைத்தேன். சாயங்காலத்துக்குள் காக்கா எங்கே என்று போன் வந்துவிட்டது. அறந்தாங்கிப் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறதாம். வருகிற படகிலேயே காக்காவை ஏற்றிவிடலாமே என்றாள் சிநேகிதி. அவள் கணவரைக் கேட்டுக்கொள்வது நல்லது என்று எனக்குப் பட்டது. கான்ஃபரன்ஸ் போட்டோம்.

"காக்காயா? என் படகுலயா?" என்றார் அவர்.

"வரைஞ்ச காக்காதாண்ணே."

"வரைஞ்சாலும் காக்கா காக்காதான். பறந்து வந்து என் தலையில தட்டிருச்சுன்னா?"

"அதத் தட்டவிடாமப் பண்ணத் தெரியாதா அவளுக்கு?" என்றாள் சிநேகிதி.

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, அவர் அணியத்தில் நிற்க, காக்கா கடைசியில் பின்பக்கக் கட்டையில் உட்கார வேண்டும் என்று முடிவானது. அது பறக்கவே கூடாது என்று என்னிடம் தனியாகவும் ஒருமுறை போன் செய்து கேட்டுக்கொண்டார். பறக்கவிடவில்லை. படகு கரை சேருகிறது, அவர் கயிற்றை வீசுகிறார், பின்னால் காக்கா தலையைச் சாய்த்து அவர் முதுகைப் பார்க்கிறது. அது எங்கே பார்க்கிறது என்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.